முன்பின் தெரியாதவர்களோடு ஒரே எடிட்டரில் கோட் எழுதுவது எப்படி: யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை இரவு, 4 பேர் இணையம் வழியாக ஒன்றாகத் திறந்து வைத்திருந்த ஒரு கோப்பில் 19 வரிகளை நான் அழித்தேன். யாரோ பரீட்சித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போன குப்பை என்று நினைத்தேன். வவுனியாவில் இருந்து சேர்ந்திருந்த ஒரு பெடியன் அரை மணித்தியாலமாக யோசித்து எழுதிய வரிகள் அவை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய பச்சைக் கேர்சர் அந்த வெற்றிடத்தில் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டு நின்றது, பிறகு காணாமல் போனது. பழைய பதிப்பில் இருந்து வரிகளை எடுத்துத் திரும்ப வைத்தேன். அவன் அடுத்த கிழமை வரவில்லை, அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை.

அன்றைக்கு எனக்கு விளங்கியது இதுதான். பகிர்ந்த எடிட்டரில், அதாவது பலர் ஒரே நேரம் ஒரே கோப்பில் எழுதும் செயலியில், மற்றவரின் கேர்சர் எங்கே நிற்கிறது என்று தெரியும், அவர் என்ன யோசிக்கிறார் என்று தெரியாது. பக்கத்தில் இருந்து எழுதினால் முகத்தைப் பார்த்தே பாதி விளங்கிவிடும். தெரியாத ஆளோடு, தெரியாத ஊரில் இருந்து எழுதும்போது அந்தப் பாதியை வாயால் சொல்லியே ஆக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் யோசிப்பதைச் சத்தமாகச் சொல்ல வைக்கும் ஏற்பாடுகள். ஒன்றையும் புத்தகத்தில் பார்த்து வைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சனிக்கிழமை பிழைத்துப்போனதால் வந்தது.

இந்த யோசனை புதிதும் இல்லை. 1968 டிசம்பர் 9ஆம் திகதி அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ மேடையில் இருந்துகொண்டு, தூரத்தில் மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளரோடு ஒரே திரையில் வேலை செய்து காட்டினார். அதைச் சாதாரண ஆட்கள் உலாவியிலேயே செய்ய 40 வருடம் எடுத்தது. 2008இல் ஈதர்பாட் என்ற, உலாவியிலேயே பலர் சேர்ந்து எழுதும் எடிட்டர் வந்தது. எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்தது. அடுத்த வருடக் கடைசியில் கூகுள் அதை வாங்கி, கோட் முழுவதையும் திறமூலமாக, யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடியதாக, வெளியிட்டது. இப்போது கொக்குவிலில் ஒரு பழைய லப்டொப்பும் ஒரு டேட்டா கார்டும் இருந்தாலே போதும்.

படி 1: இரண்டு வசனத்தில் சொல்லக்கூடிய வேலையை எடுங்கள்

புதியவர்கள் கூடினால் பெரிய ஆசைகள் வரும். "யாழ்ப்பாணம் முழுக்க பஸ் நேரம் காட்டுற அப் ஒண்டு செய்வம்" என்று யாராவது தொடங்குவார். ஆசையில் பிழையில்லை, ஆனால் முதல் நாளே அதை எடுத்தால் 2 மணித்தியாலமும் கதையிலேயே போய்விடும். இரண்டு வசனத்தில் விளக்கக்கூடிய, கோட் தெரியாத ஒருவரும் சரியா பிழையா என்று பார்த்துச் சொல்லக்கூடிய வேலையாக இருக்க வேண்டும்.

நாங்கள் செய்த ஒன்றையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ச் சொற்களைச் சேர்த்த ஒரு பட்டியல் இருந்தது. அதைத் தமிழ் அகராதி ஒழுங்கில் அடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். தொடங்க முதல் கோப்பின் உச்சியில் 4 சொற்களை எழுதி, கடைசியில் எப்படி வர வேண்டும் என்பதையும் எழுதினோம்: பக்கம், பகல், பலா, பனை. அகராதி புரட்டத் தெரிந்த எந்த அம்மம்மாவும் இதைச் சரிபார்ப்பார். பைத்தன் என்ற கணினி மொழியின் சாதாரண சோர்ட் (அடுக்கும் கட்டளை) இடம் கொடுத்தால் பகல், பக்கம், பனை, பலா என்று வருகிறது. எல்லாரும் ஒரே பிழையைக் கண்ணால் பார்த்த பிறகு, தெரியாதவர்கள் என்ற கூச்சத்தில் பாதி போய்விட்டது.

படி 2: கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு எடிட்டரைத் தெரிவு செய்யுங்கள்

எடிட்டர் அழகா, இருட்டு நிறமா என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, கோப்பு யாருடைய மெஷினில் இருக்கிறது என்பது. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டரில் லைவ் ஷெயார் என்ற பகிரும் வசதியைப் பாவித்தால் கோப்பு அழைத்தவரின் லப்டொப்பிலேயே இருக்கும், மற்றவர்கள் விருந்தாளிகள். நல்ல வசதிதான், விருந்தாளிகள் ஒன்றும் நிறுவாமல் உலாவியாலேயே வரலாம். ஆனால் அழைத்தவருக்குக் கறண்ட் போனால் எல்லாருக்கும் கூட்டம் முடிந்தது. ரெப்லிட் மாதிரியான இணையத் தளங்களில் கோப்பும் கோட்டின் ஓட்டமும் அவர்களுடைய சேவரில். ஒருவர் விழுந்தாலும் மற்றவர்கள் தொடரலாம், கைத்தொலைபேசியில் இருப்பவரும் சேரலாம். ஈதர்பாட்டில் கோட் ஓடாது, வெறும் எழுத்து மட்டும். ஆனால் அதில் பின்னோக்கி இழுத்துப் பார்க்கும் காலக்கோடு உண்டு, யார் எந்த எழுத்தை எப்போது அடித்தார் என்று முழுவதும் தெரியும். மெதுவான இணைப்பிலும் நிற்கும்.

என்னுடைய எண்ணம்: முதல் முறை சந்திப்பவர்கள் சேவரில் கோப்பு இருக்கும் இடத்தையே எடுங்கள். இரண்டு மூன்று முறை பழகிய பிறகு லைவ் ஷெயாருக்குப் போங்கள். பதிவு செய்யாமல் பாவிக்கும் இலவசத் தளங்களில் எழுதினால், கோப்பை அவர்கள் நீண்ட காலம் வைத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

படி 3: நேரம், கறண்ட், டேட்டா

யாழ்ப்பாணத்தில் இருந்து ஆள் தேடினால் கனடாவும் லண்டனும் வராமல் இராது. எங்களுக்குச் சனி இரவு 8.30 என்றால், கோடையில் ரொறன்ரோவில் காலை 11 மணி, லண்டனில் பின்னேரம் 4 மணி. குளிர்காலத்தில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புவதால் ரொறன்ரோவில் 10, லண்டனில் 3. நாங்கள் திருப்புவதில்லை. இந்த ஒரு மணித்தியாலத்தில் நவம்பரிலும் மார்ச்சிலும் ஆட்கள் மாறி மாறி வந்து, ஒருவரை ஒருவர் காணாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். அழைப்பில் எப்போதும் இலங்கை நேரம் என்று சொல்லியே எழுதுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. இப்போது அவ்வளவு மோசம் இல்லை, ஆனாலும் ஒரு மழைக்காற்றுக்குக் கறண்ட் போகும். லப்டொப்பில் பற்றரி இருந்தாலும் றௌட்டர் செத்துவிடும். ஆகவே போனின் ஹொட்ஸ்பொட்டை முன்கூட்டியே லப்டொப்போடு ஒருமுறை பழக்கி வையுங்கள். கறண்ட் போன இருட்டில் பாஸ்வேர்ட் தேடாதீர்கள்.

டேட்டாவுக்கு ஒரு கணக்கு. குரல் மட்டும் என்றால், இன்றைய செயலிகள் பாவிக்கும் ஓப்பஸ் என்ற குரல் சுருக்கும் முறையில் செக்கனுக்கு 32 கிலோபிட் நல்ல தெளிவாகவே கேட்கும். அது மணித்தியாலத்துக்கு 14 மெகாபைட் சொச்சம், அனுப்பும் பொதிச் செலவோடு இன்னும் கொஞ்சம் கூட. ஒரு மெகாபிட் வேகத்தில் வீடியோ வைத்தால் அதே ஒரு மணித்தியாலம் 450 மெகாபைட். எடிட்டர் அனுப்புவது வெறும் எழுத்து, அது கணக்கிலேயே வராது. முகம் பார்க்க ஆசையென்றால் முதல் 2 நிமிடம் பாருங்கள், பிறகு கமராவை மூடுங்கள். குரலை மட்டும் மூடாதீர்கள். வட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டு கோட்டும் எழுதலாம் என்று நினைத்துப் பார்த்தோம். இரண்டு கையும் ஒரே விசைப்பலகையில்தானே, ஒன்று நின்றால்தான் மற்றது நடக்கும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலடியில் இருப்பவர்கள் பேசும்போது மட்டும் மைக்கைத் திறவுங்கள். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, ஸ்காபுறோவில் இருக்கும் ஆளுக்கு அந்த மேளச்சத்தம் கேட்பதே ஒரு சந்தோசம்.

படி 4: முதல் 10 நிமிடம் கோட்டைத் தொடாதீர்கள்

இதைத்தான் நான் மிகவும் பிடிவாதமாகச் சொல்லுவேன். எல்லாருடைய கையும் துருதுருக்கும். விடாதீர்கள்.

முதலில் பெயரும் நிறமும். "நான் நீலம், கொக்குவில், பைத்தன் கொஞ்சம் தெரியும், இதுவரை ஒருத்தரோடயும் சேர்ந்து எழுதேல்ல" என்று ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்லட்டும். முழுப் பெயர், படிக்கும் இடம், போன் நம்பர் ஒன்றும் தேவையில்லை. கேட்கவும் வேண்டாம்.

அடுத்தது எப்படிக் கூப்பிடுவது. இது சின்ன விசயம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் குரலைக் கேட்ட உடனே வயதை மட்டுக்கட்டி அண்ணை, அக்கா, தம்பி, தங்கச்சி என்று தொடங்கிவிடுவோம். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் ஒருவர் 'அண்ணை' ஆன நிமிடத்தில் இருந்து அவருடைய வரியில் பிழை கண்ட தம்பி வாயைத் திறக்க மாட்டான். 'சேர்' என்று ஆகிவிட்டால் கதையே வேண்டாம். ஒருமுறை பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் ஒருவர் வந்திருந்தார். அன்றைக்கு மற்ற மூன்று பேரும் தட்டச்சுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை, எங்கள் மரியாதைதான் எங்களைக் கட்டிப்போட்டது. அதனால் இப்போது எல்லாரும் பெயரும் 'நீங்கள்' என்பதும். பழகிய பிறகு 'நீர்' வந்தால் வரட்டும். "செய்யுங்கோ", "பாருங்கோ" என்ற எங்கள் பேச்சிலேயே போதிய மரியாதை இருக்கிறது.

பெண்பிள்ளைகள் வரும்போது இன்னொன்று. முன்பின் தெரியாத ஆண்களின் கூட்டத்துக்குள் குரலோடு வருவது அவர்களுக்கு லேசான முடிவு இல்லை. கூட்டம் முடிந்த பிறகு தனிச்செய்தி அனுப்புவதில்லை என்ற விதியை முதல் 10 நிமிடத்தில் அழைத்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மீறினால் அடுத்த லிங்க் அவருக்குப் போகாது. இதில் நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கடைசியாக ஒரு பரீட்சை. ஆளுக்கு ஒரு வரி எழுதி, ஒருவர் மட்டும் அன்டூ (கடைசியாகச் செய்ததைத் திருப்பும் கட்டளை) அடித்துப் பாருங்கள். அவருடைய வரி மட்டும் போகிறதா, பக்கத்து ஆளின் வரியும் சேர்ந்து போகிறதா? நல்ல எடிட்டர்களில் அன்டூ அவரவர் எழுதியதை மட்டும் தொடும். எல்லாவற்றிலும் அப்படி இல்லை. இதை வேலைக்கு நடுவில் கண்டுபிடிப்பது துன்பம்.

படி 5: 'றைற்' சொல்லாமல் கை மாறாது

இருவர் சேர்ந்து கோட் எழுதும் முறையில் ஒருவர் ஓட்டுநர், மற்றவர் வழி சொல்பவர். ஓட்டுநர் மட்டும் தட்டச்சுச் செய்வார். வழி சொல்பவர் அடுத்த வளைவைப் பார்ப்பார்: இந்தச் சொல் வெறுமையாக வந்தால் என்ன ஆகும், இந்தப் பெயர் பிறகு விளங்குமா, என்று. எங்கள் மினிபஸ்ஸில் நடத்துநர் 'றைற்' சொல்லாமல் பஸ் அசையாது. அதே சொல்லைத்தான் நாங்களும் எடுத்தோம். ஓட்டுநர் விலகும்போது "றைற்" என்பார், அடுத்தவர் "எடுத்திட்டன்" என்பார். இரண்டும் கேட்ட பிறகுதான் கை மாறும்.

10 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 4 பேர் இருந்தால் சுற்று வரும், ஒருவர் ஓட்ட மூவர் சொல்வார்கள். மணி வைத்தே மாற்றுங்கள். "இந்த ஃபங்ஷனை முடிச்சிட்டுத் தாறன்" என்பவர் தரமாட்டார். (ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்யும் கோட்டின் தனித் துண்டு.)

வழி சொல்பவருக்கு ஒரு பழக்கம் வேண்டும். எழுத்தெழுத்தாகச் சொல்லக் கூடாது. முதலில் நோக்கம், விளங்காவிட்டால் இடம், அதுவும் விளங்காவிட்டால்தான் எழுத்து. "சொல்லை எழுத்தாப் பிரிக்க வேணும்" என்று முதலில் சொல்லுங்கள். ஓட்டுநர் தயங்கினால் "13ஆவது வரிக்குக் கீழ ஒரு ஃபங்ஷன்" என்று சொல்லுங்கள். தெரிந்தவர் அவசரப்பட்டு அடைப்புக்குறியில் இருந்து தொடங்கினால் தெரியாதவர் வெறும் விரலாகப் போய்விடுவார்.

என் அனுபவத்தில், குறைவாகத் தெரிந்தவரை முதலில் ஓட்ட விடுவது நல்லது. தெரிந்தவரின் யோசனை வாயால் வெளியே வந்தே ஆக வேண்டிய நிலை அப்போதுதான் வரும். கேட்கிற மற்ற இருவருக்கும் அது பாடமாக இருக்கும்.

மற்றவர் எழுதிய வரியைத் தொட முன் கேளுங்கள். "28 தொடக்கம் 31 வரைக்கும் நான் மாத்தவா?" அவ்வளவுதான். பதில் வரும் வரைக்கும் காத்திருங்கள், இணைப்பு மெதுவாக இருக்கும் ஆளின் பதில் சில செக்கன் பிந்தி வரும். அழிக்க வேண்டியது என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் அழிக்காமல் கொமென்ட், அதாவது ஓடாத குறிப்பு, ஆக்கி வையுங்கள். முடிவில் எழுதியவரே அழிக்கட்டும்.

படி 6: எடிட்டர் எதைப் பார்த்துக்கொள்ளும், எதைப் பார்க்காது

சில வேளை இருவர் வெவ்வேறு இடத்தில் ஒரே நேரம் எழுதத்தான் வேண்டியிருக்கும். அப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை விளங்கிக்கொண்டால் பயமும் போகும், மிதப்பும் போகும்.

கோப்பில் "பலா, பனை" என்று இருக்கிறது என்று வையுங்கள். கணினிக்கு இது 0 தொடக்கம் 7 வரை எண்ணிட்ட 8 குறிகள்: ப, ல, ா, காற்புள்ளி, இடைவெளி, ப, ன, ை. நான் முன்னால் "மா, " என்று 4 குறிகளைச் சேர்க்கிறேன். அதே நொடியில் மட்டக்களப்பில் இருப்பவர் "பனை"யை அழிக்கிறார், அதாவது 5ஆம் இடத்தில் இருந்து 7 வரை. அவருடைய கட்டளை என்னிடம் வந்து சேரும்போது என் வரி ஏற்கெனவே "மா, பலா, பனை" ஆகிவிட்டது. 5, 6, 7 என்று அப்படியே அழித்தால் போவது 'லா'வும் காற்புள்ளியும். மிஞ்சுவது "மா, ப பனை". அவர் அழிக்க நினைத்தது நிற்கிறது, நினைக்காதது போய்விட்டது.

இதைத் தவிர்க்க, வந்த கட்டளையை எடிட்டர் திருத்துகிறது: முன்னால் 4 குறிகள் சேர்ந்திருக்கின்றன, ஆகவே 5 என்பது 9. 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் எழுதி வைத்த முறை இது. பிறகு வந்த இன்னொரு முறையில் இடத்தின் எண்ணே இல்லை. ஒவ்வொரு குறிக்கும் பிறந்த உடனே ஒரு தனி அடையாளம் கொடுத்துவிடுவார்கள். "5ஆவதை அழி" என்பதற்குப் பதில் "இன்னார் எழுதிய இந்த ப-வை அழி" என்று கட்டளை போகும். வரிசை மாறி வந்தாலும், இணைப்பு அறுந்து அரை மணித்தியாலம் கழித்து வந்தாலும், முடிவில் எல்லாத் திரையிலும் ஒரே எழுத்து நிற்கும். வைஜேஎஸ் என்ற திறமூல நூலகம் (எடுத்துப் பாவிக்கும் கோட் தொகுப்பு) இந்த வழியில் வேலை செய்கிறது.

ஆனால் சேர்வது எழுத்து மட்டும்தான். எங்கள் எண்ணும் ஃபங்ஷனில் விடை ஒன்று குறைவாக வந்தது. நான் மேலே போய்த் தொடக்க எண்ணை 0இல் இருந்து 1 ஆக்கினேன். அதே நேரம் கீழே ஒருவர் விடையோடு 1ஐக் கூட்டினார். தனித்தனியாக இரண்டும் சரி. எடிட்டர் இரண்டையும் அழகாகச் சேர்த்தது, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. விடை இப்போது ஒன்று கூடுதலாக வந்தது. மூன்றாவது ஆள் அதைப் பார்த்து ஒன்றைக் கழிக்கப் போனார். "பொறுங்கோ, பொறுங்கோ, ஆர் என்ன செய்தனீங்கள்?" என்று ஒரு குரல் வந்திராவிட்டால் அந்த மூன்று திருத்தமும் அந்தக் கோப்பில் இன்றும் இருந்திருக்கும்.

ஆகவே ஒரே ஃபங்ஷனுக்குள் இரண்டு கை வேண்டாம். பிரிந்து எழுதுவதென்றால் ஃபங்ஷன் எல்லையில் பிரியுங்கள், என்ன உள்ளே போகும், என்ன வெளியே வரும் என்பதை முதலில் கொமென்ட்டாக எழுதிவிட்டு. இணைப்பு அறுந்து திரும்பி வந்தவர் முதலில் "வந்திட்டன்" என்று சொல்லி, அரை நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

படி 7: தமிழ் எழுத்தைக் கையாளும்போது

தமிழர்கள் கூடினால் எப்படியும் தமிழ் எழுத்தைக் கோட்டுக்குள் கொண்டுவருவார்கள், கொண்டுவரவும் வேண்டும். அதில் தெரியாதவர்களின் கூட்டத்துக்கென்றே சில கண்ணிகள் உண்டு, ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விசைப்பலகையில் பழகியவர்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு பழகியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அவருடைய வேர்ட் கோப்பில் தமிழாகத் தெரிவது உள்ளே வெறும் ஆங்கில எழுத்து, எழுத்துருதான் தமிழாகக் காட்டுகிறது. அதைப் பகிர்ந்த கோப்பில் ஒட்டினால் எல்லாருக்கும் குழப்பமான ஆங்கிலம் தெரியும். ஒட்டியவர் கூசிப்போவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒருங்குறிக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட்டுக்கு, மாற்றிவிட்டு ஒட்டுங்கோ.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. 'கொ' என்பதில் உள்ள குறி ஒன்றாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனி இரண்டாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு வேறு. 'கௌ' எழுத வேண்டிய இடத்தில் ககரத்துக்குக் கொம்பு போட்டு ள-வைச் சேர்த்து 'கெள' என்று எழுதுபவர்களும் உண்டு, அது முழுப்பிழை. முதலாவதை யூனிகோட் இயல்பாக்கல் (ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்) செய்து தீர்க்கலாம், இரண்டாவதை ஆள்தான் பார்க்க வேண்டும். பைத்தன் 3இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம், பெயர்களை அது தானாகவே இயல்பாக்கிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் சொற்களை அது தொடாது. அங்கேதான் சறுக்கும்.

'யாழ்ப்பாணம்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? பள்ளிக்கூடத்தில் 6. பைத்தனில் நீளத்தை எண்ணும் லென் கட்டளை 11 என்று சொல்லும், புள்ளியையும் காலையும் தனியாக எண்ணுவதால். ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். எங்கள் அகராதி ஒழுங்குப் பிழையும் இங்கேதான் இருந்தது. யூனிகோட் அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. ஆகவே பனை பலாவுக்கு முன்னால் போய்விடுகிறது. புள்ளி எல்லா உயிர்மெய்க் குறிக்கும் பிறகு வருவதால், பக்கம் பகலுக்குப் பின்னால் தள்ளுப்படுகிறது. சொல்லை எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் எங்கள் அரிச்சுவடி ஒழுங்கில் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்து அடுக்கினோம். வந்தது: பக்கம், பகல், பலா, பனை. அந்த நேரம் 4 மைக்கிலும் ஒரே சிரிப்பு.

படி 8: பிடிவாதம் வரும்போது

வரும். எங்களுக்கு வந்தது ஜ-வில். ஜ, ஷ, ஸ, ஹ எங்கே போகும்? கடைசியில், ன-வுக்குப் பிறகு என்று இருவர். ச-வுக்குப் பக்கத்தில் என்று ஒருவர். 20 நிமிடம் போனது, ஒரு வரியும் எழுதவில்லை. இப்போது எங்களிடம் கோப்பின் அடியில் 'பிறகு' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. 3 நிமிடத்தில் தீராத கேள்வி அங்கே போகும், கேட்டவரின் பெயரோடு. அன்றைக்கு ஓட்டுநராக இருப்பவரின் விருப்பப்படி தற்காலிகமாக எழுதிவிட்டு நகருவோம். வாதத்தில் தோற்றோம் என்று ஒருவரும் போகாமல் இருக்க இது உதவுகிறது. அவருடைய கேள்வி கோப்பில் நிற்கிறது.

பெயர் வைப்பதில் வரும் சண்டைக்கு (தமிழா, ஆங்கிலமா, இரண்டும் கலந்ததா) ஒரே வழி, முதல் 10 நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவது.

படி 9: திறப்பை வாசலில் வைக்காதீர்கள்

லிங்க் என்பது வீட்டுத் திறப்பு. வட்ஸ்அப் குழுவில் போட்டால் 200 பேர் கையில் திறப்பு. வருபவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். வேடிக்கை பார்க்க வருபவருக்கு வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

பகிர்ந்த கோப்பில் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (இணையச் சேவைகளுக்குள் கோட் நுழையும் இரகசியக் குறி), அடையாள அட்டை எண், உண்மையான ஆட்களின் விபரம் ஒன்றும் போடக்கூடாது. பரீட்சைக்குப் போட்டுவிட்டு அழித்தாலும், ஒவ்வொரு விசையையும் நினைவில் வைத்திருக்கும் எடிட்டரில் அது இருக்கும். தவறிப் போட்டுவிட்டால் அழிப்பதோடு விடாமல் அந்தக் கீயையே மாற்றுங்கள்.

லைவ் ஷெயாரில் டேர்மினலையும், அதாவது கணினிக்கு நேரடியாகக் கட்டளை அடிக்கும் சாளரத்தையும், பகிரலாம். சாதாரணமாக விருந்தாளிக்கு அது பார்க்க மட்டும்தான். எழுதும் அனுமதியைத் திறந்துவிட்டால் அவர் உங்கள் லப்டொப்பின் முன்னால் இருப்பதற்குச் சமம், உங்கள் படங்களும் கடிதங்களும் உட்பட. முன்பின் தெரியாதவருக்கு அதைத் திறக்காதீர்கள். கேட்டால் "பிறகு பாப்பம்" என்று சொல்லுங்கள். நல்ல மனிதர் அதைத் தப்பாக எடுக்க மாட்டார்.

படி 10: மூடும் 15 நிமிடம்

10.30க்கு முடிவென்றால் 10.15க்குக் கை எடுக்க வேண்டும். முதலில், கோட் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் கடைசியாக ஓடிய நிலைக்குப் போய், மிச்சத்தைக் கொமென்ட்டாக வையுங்கள். பாதியில் உடைந்த கோப்புக்கு அடுத்த கிழமை ஒருவரும் ஆசையோடு திரும்பி வருவதில்லை.

பிறகு கிட்டில், கோட்டின் ஒவ்வொரு பதிப்பையும் சேமிக்கும் கருவியில், ஏற்றுங்கள். ஒருவர் மட்டும் கொமிட் செய்தால், அதாவது பதிப்பாகப் பதிந்தால், வேலை முழுவதும் அவர் பெயரில் நிற்கும், மற்ற மூவரும் இல்லாமல் போவார்கள். கொமிட் செய்தியின் கடைசியில் இணை எழுத்தாளர் வரி என்று ஒன்று சேர்க்கலாம். 2018இல் இருந்து, கிட்டில் ஏற்றிய கோட்டை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் அதை வாசித்து எல்லாருடைய படத்தையும் காட்டுகிறது. மின்னஞ்சல் கேட்குமே என்று தயங்குபவருக்கு, உண்மை முகவரியை மறைக்கும் ஒரு முகவரியைக் கிட்ஹப்பே தருகிறது. வேலை தேடும் ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெறுமதி என்று தெரிந்தவர் அதை மறக்க மாட்டார். 4 வரி எழுதியவருக்கும் போடுங்கள், கேள்வி மட்டும் கேட்டவருக்கும் போடுங்கள்.

கடைசி 5 நிமிடம் ஆளுக்கு ஒரு வசனம்: இன்றைக்கு எந்த இடத்தில் விளங்கவில்லை? எது பிடித்தது என்று கேட்டால் எல்லாரும் "நல்லா இருந்தது" என்பார்கள், ஒன்றும் தெரியவராது. எந்த இடத்தில் விளங்கவில்லை என்று கேட்டால்தான், "அந்த ஃபங்ஷன் எழுதேக்க நான் ஒண்டும் விளங்காம சும்மா இருந்தனான்" என்று ஒருவர் மெல்லச் சொல்வார். அவரை அடுத்த முறை முதல் ஓட்டுநராக வையுங்கள்.

லிங்கை மூடுங்கள், எழுதும் அனுமதிகளை எடுத்துவிடுங்கள். கோப்பின் உச்சியில் அடுத்த சனிக்கு ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள், எங்கே விட்டோம், எதில் தொடங்குவோம் என்று. எங்கள் கோப்பில் இப்போது இருக்கும் வரி: "ஜ எங்கே என்று மட்டக்களப்பில் இருப்பவர் அகராதி பார்த்துக்கொண்டு வருவார். முதல் ஓட்டுநர், புதிதாக வருபவர்."